இடக்கரடக்கல்

முதலாமாண்டு மாணவியருக்கு நான் நன்னூல் நடத்துகிறேன். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதல் வகையைக் கரும்பலகையில் எழுதியதுமே வகுப்பில் தலைகள் குனியும். 'கால் கழுவி வந்தான்' என்ற எடுத்துக்காட்டைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து சிரிப்பு வரும். பதினைந்து ஆண்டுகளாக அதே குனிவு, அதே சிரிப்பு. மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாணவி மட்டும் சிரிக்காமல் கேட்டாள்: "மேடம், சொல்ல அடக்குறதுக்கு இலக்கணம் இருக்கு. அத அடக்குறதுக்கும் இலக்கணம் இருக்கா?" வகுப்பே வெடித்துச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விட்டேன்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இடக்கர் என்றால் அவையில் சொல்லத்தகாத சொல். தொல்காப்பியம் அதை அவையல்கிளவி என்று குறிக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி இடக்கரடக்கல் என்று பெயரிடுகிறார். இரண்டு இலக்கணமும் பேசுவது அவையின் நாகரிகத்தைப் பற்றி. உடலைப் பற்றி அல்ல. அந்த அவையில் அமர்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆனால் அங்கே பிறந்த அடக்கம் வீட்டுக்கு வந்தபோது அதன் சுமை பெண்ணின் தலையில் ஏறியது. ஆண் சொல்லை மட்டும் அடக்கினான். பெண் சொல்லையும் அடக்கினாள், வயிற்றையும் அடக்கினாள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு வழங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: வெளிக்குப் போதல், கொல்லைக்குப் போதல், காட்டுக்குப் போதல், ஆற்றுக்குப் போதல், ஒதுங்கப் போதல். எல்லாமே இடத்தையும் நடையையும் சொல்கின்றன, செயலைச் சொல்லவில்லை. ஆண் 'வெளிக்குப் போறேன்' என்றால் அது உண்மையிலேயே ஓர் இடம்தான். எந்த நேரமும் போகலாம், வாய்க்கால் கரையில் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சாவகாசமாக உட்காரலாம். பெண் அதே சொல்லைச் சொன்னால் அது இடம் அல்ல, நேரம். இருட்டு.

என் உம்மம்மா பத்தமடையில் பாய் நெய்தவர். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெயிலில் காயவைத்து, நாராகக் கீறி, கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு எடுப்பார்கள். நனைந்த கோரைதான் வளையும், காய்ந்தது ஒடியும். தரையில் கட்டிய தறியில் பாவு நூலுக்குள் ஒவ்வொரு கோரையாகச் செலுத்தி அடிக்க வேண்டும். மெல்லிய பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். துணிபோல மடித்துவைக்கலாம் என்று அந்தப் பாயை உலகமே புகழ்கிறது. அதை நெய்தவர்களின் வயிற்றைப் பற்றி எழுதியவர்கள் யாருமில்லை.

உம்மம்மாவின் நாளுக்கு இரண்டு வாசல்கள் இருந்தன. சுபுஹு பாங்குக்கு முந்தைய இருட்டு ஒன்று, இஷாவுக்குப் பிந்தைய இருட்டு மற்றொன்று. அந்த நேரங்களில் தெருப்பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வாய்க்கால் பக்கம் போவார்கள். தனியாகப் போக முடியாது. பாம்புக்குப் பயம், அதைவிட ஆளுக்குப் பயம். "பாங்குக்கு முன்னாடி போயிரணும்ளா. அதுக்குப் பொறவு வயிறு கேட்டாலும் நம்ம கேக்கப்படாது" என்பார். பகலில் தண்ணீரை அளந்து குடிப்பார். இரவுச் சோற்றைக் குறைப்பார். கல்யாண வீட்டுக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே பட்டினி.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், அந்த நடையை அவர் வெறுக்கவில்லை. புருசனின் அடி, மாமியாரின் பேச்சு, பாய் வியாபாரி குறைத்துக் கொடுத்த கூலி எல்லாம் அந்த இருட்டில்தான் பேசப்பட்டன. அவருக்குக் கிடைத்த ஒரே வெளியும் அதுதான். ஆனால் அந்த வெளியின் கதவு நாளுக்கு இரண்டு முறைதான் திறந்தது. அவருடைய குடலுக்கு அந்த நேர அட்டவணை தெரியாது.

வியப்பு என்னவென்றால், எங்கள் ஊரைச் சுற்றியிருந்த எல்லா மரபும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்லியிருக்கிறது. சித்த மருத்துவம் உடலில் தானாக எழும் பதினான்கு வேகங்களை எண்ணுகிறது. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், உறக்கம், கண்ணீர் ஆகியவற்றோடு சிறுநீரும் மலமும் அதில் உண்டு. அவற்றை அடக்கினால் நோய் என்பது அதன் அடிப்படைப் பாடம். பத்தமடையிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், பாளையங்கோட்டையில், 1964 முதல் இயங்கும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் இன்றும் அது நடத்தப்படுகிறது. வடமொழியின் சரக சம்ஹிதையில் வேகங்களை அடக்காதிருப்பது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. எங்கள் மார்க்கத்திலும், மலசலத்தை அடக்கிக்கொண்டு தொழுகைக்கு நிற்க வேண்டாம், முதலில் போய்வந்து ஒளு செய்துகொள் என்பதுதான் சட்டம்.

பத்தமடையில் 1887-இல் குப்புசாமியாகப் பிறந்து, மருத்துவம் படித்து, மலாயாவில் மருத்துவராக வேலைபார்த்து, பின்னாளில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தராக அறியப்பட்டவரின் ஹடயோக விளக்கங்களில் வஸ்தி என்ற கிரியை உண்டு. தொப்புள் அளவு தண்ணீரில் குந்தியமர்ந்து, ஆசனவாய் வழியாக நீரை உள்ளிழுத்துக் குடலைக் கழுவும் பழைய பயிற்சி அது. அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பயிற்சியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு படம் தோன்றும், அவ்வளவுதான். பட்டப்பகலில் ஆற்றில் இடுப்பளவு நீரில் அமர்ந்து தன் குடலைப் பற்றி அமைதியாக யோசிக்க ஓர் ஆணால் முடிந்திருக்கிறது. அதே ஆற்றங்கரையில் என் உம்மம்மா இருட்டுக்குக் காத்திருந்தார்.

ஆக, நூல்கள் எல்லாம் அடக்காதே என்றன. வாழ்க்கை அடக்கு என்றது. மாணவி கேட்ட இலக்கணம் எந்த ஏட்டிலும் இல்லை. அது தாயிடமிருந்து மகளுக்கு வாய்மொழியாக வந்தது.

*

அந்த வாய்மொழி இலக்கணம் உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை நான் 2012-இல்தான் அறிந்தேன். அந்த ஆண்டு என் உம்மாவுக்கு மலக்குடல் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவர் "ரத்தம் எவ்வளவு நாளா போகுது?" என்று கேட்டார். "கொஞ்ச நாளா" என்றார் உம்மா. வீட்டுக்கு வந்து நான் துருவிக் கேட்டபோது அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருடமாக நீண்டது. மூலம் என்று தானே முடிவுசெய்து, கருணைக்கிழங்கும் மோருமாகச் சமாளித்திருக்கிறார். "ஏன்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன். "ஏளா, இதெல்லாம் போயி ஒருத்தருட்ட சொல்லுவாவளா?" என்றார். பெண்ணாகிய நான், தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான், அந்த 'ஒருத்தரு'க்குள் அடக்கம்.

மலத்தை அடக்கியதால் புற்று வந்தது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல மருத்துவத்தில் இடமில்லை. சொல்லை அடக்கியதால் நோய் தெரிவதற்குத் தாமதமானது. அதைத்தான் சொல்கிறேன்.

கட்டி ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்ததால் மலக்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து எடுத்தார்கள். 1908-இல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறையின் வழிவந்த சிகிச்சை அது. மிஞ்சிய பெருங்குடலின் முனையை இடது அடிவயிற்றில் திறந்து தைத்துவிட்டார்கள். அதன்மேல் ஒட்டும் பையில் மலம் வந்து சேரும். முதல் மூன்று மாதம் அந்தப் பையை மாற்றியது நான். பாடநூல் படத்தில் மட்டும் பார்த்திருந்த உறுப்பு, சிவந்து, ஈரமாக, பூவிதழ்போல மடிந்து என் கண்முன்னே இருந்தது. தொட்டால் உம்மாவுக்கு வலிக்கவில்லை. ஆனால் அது அசைந்தது. காலையில் உம்மா சாயா குடித்த சிறிது நேரத்தில் அது சுருங்கும், விரியும், வேலையைத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் அப்படியே.

ஏன் என்று கேட்டுப் படிக்கத் தொடங்கினேன். குடல் நாம் சொல்லித்தான் நகர வேண்டும் என்பதில்லை. 1899-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலில் சோதித்துக் காட்டினார்கள். வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பிறகும், உள்ளே ஒரு பொருள் அழுத்தினால் அதற்குப் பின்னால் குடல் சுருங்குகிறது, முன்னால் தளர்கிறது. பொருள் முன்னே தள்ளப்படுகிறது. குடலின் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் இருக்கின்றன.

சிறுகுடல் சத்தை எடுத்துக்கொண்டபின் நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர்க்கூழைப் பெருங்குடலுக்கு அனுப்புகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அதை மெதுவாகப் பிசைந்து, நீரையும் உப்பையும் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடைசியில் மலத்தோடு வெளியேறும் நீர் நூறு, இருநூறு மில்லிதான். இந்தப் பயணத்துக்கு ஒரு நாளும் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. கர்ப்ப காலத்தில் இன்னும் மெதுவாகிறது. பெரும்பாலான நேரம் பிசைவதோடு நிற்கும் பெருங்குடல், நாளுக்குச் சில முறை மட்டும் நீண்ட பேரலையாக எழுந்து உள்ளிருப்பதை மலக்குடலை நோக்கித் தள்ளுகிறது. விழித்தெழும்போதும் இரைப்பை நிறையும்போதும் அந்த அலை வலுவாக எழும். உம்மாவின் வயிற்றில் சாயாவுக்குப் பிறகு நான் கண்ட அசைவு இதுதான்.

இப்போது உம்மம்மாவின் நாளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் வெளிக்குப் போவது விழித்த உடனே, வெறும் வயிற்றில், அவசரமாக, இருட்டில், காதைத் தீட்டிக்கொண்டு. உடல் தானாக அழைக்கும் வலுவான அலை காலைக் கஞ்சிக்குப் பிறகு வரும். அப்போது அவர் தறியில் இருப்பார், வெளியில் வெயில் ஏறியிருக்கும்.

அலை வந்ததும் என்ன நடக்கிறது? மலம் வந்து விரிக்கும்போது மலக்குடல் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. ஆசனவாயில் இரண்டு சுருக்குத்தசைகள் உண்டு. உள்ளே இருப்பது நம் கட்டுப்பாட்டில் இல்லாதது. அது தானாகத் தளர்கிறது. அந்தத் தளர்வில் வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்பதைக்கூட அங்குள்ள நுண்ணிய உணர்வு பிரித்தறிகிறது. வெளியே இருப்பது நம் கட்டுப்பாட்டில் உள்ளது. அதோடு மலக்குடலைச் சுற்றி வளைத்து முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் ஒரு தசைப்பட்டையும் உண்டு. குந்தி உட்காரும்போது அந்த வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. வெளித்தசையையும் இந்தப் பட்டையையும் நாம் தளர்த்தினால் மலம் வெளியேறும். இறுக்கினால் மலக்குடல் கொஞ்சம் விரிந்துகொடுத்து இடம் தருகிறது, உந்துதல் அடங்கிப்போகிறது. அழைப்பு நின்றுவிடும். மலம் போய்விடுவதில்லை. காத்திருக்கும் நேரத்தில் பெருங்குடல் தன் வேலையைச் செய்கிறது, இன்னும் நீரை உறிஞ்சுகிறது. கோரையைப் போலத்தான், ஈரம் போனால் இறுகும்.

ஒருநாள் அடக்குவதால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. அந்த வசதிக்காகத்தானே வெளித்தசை நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அடக்கினால்தான் சிக்கல். மலக்குடல் விரிந்தே பழகினால் அதன் உணர்வு மழுங்கும். அழைப்பு கேட்பதற்கே அதிக அளவு சேர வேண்டியிருக்கும். சிலருக்குத் தசைகளும் தலைகீழாகப் பழகிவிடுகின்றன. முக்கும்போது தளர வேண்டிய தசை இறுகிக்கொள்ளும். 1909-இலேயே லண்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ட்ஸ், மலக்குடல்வரை வந்துவிட்ட மலத்தை வெளியேற்ற முடியாத இந்த நிலையை, குடல் மெதுவாக இயங்கும் மலச்சிக்கலிலிருந்து வேறுபடுத்தித் தனிப்பெயர் கொடுத்தார்.

1990-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மலச்சிக்கல் கற்றுக்கொள்ளப்படுவதா என்பதே அவர்களுடைய கேள்வி. பன்னிரண்டு ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு வாரம் விருப்பம்போல் போகச் சொன்னார்கள்; இன்னொரு வாரம் உந்துதல் வந்தாலும் முடிந்தவரை அடக்கச் சொன்னார்கள். அடக்கிய வாரத்தில் மலத்தின் அளவும் எண்ணிக்கையும் குறைந்ததோடு குடலின் மேல்பகுதியிலும் பயணம் தாமதமானது. கீழ்வாசலை மூடினால் மேலே உள்ள நடையும் தளர்கிறது என்று தெரிந்தது.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு ஆண்கள் ஏழு நாள் செய்ததை ஆய்வு என்கிறோம். பத்தமடையில் எத்தனை தலைமுறைப் பெண்கள் வாழ்நாள் முழுக்க அதையே செய்தார்கள்! அதற்கு நாம் வைத்த பெயர் அடக்கம்.

*

பெண்ணின் குடலை மருத்துவம் பார்த்த வரலாறும் இதே கோணலோடுதான் தொடங்குகிறது. மைல்ஸ் தன் சிகிச்சையை விவரித்த அதே லண்டனில், அதே ஆண்டுகளில், வில்லியம் ஆர்புத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் இருந்தார். குடலில் மலம் தேங்கினால் அதன் நஞ்சு உடல் முழுக்கப் பரவி நூறு நோய்களைத் தரும் என்று நம்பினார். பெருங்குடல் அவருக்குக் கழிவு தேங்கும் சாக்கடையாகத் தெரிந்தது. ஆகவே மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1909-இல் அந்த அறுவையைப் பற்றி நூலும் எழுதினார். அவர் கத்திக்குப் படுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சோர்வு, தலைவலி, மனவாட்டம் எல்லாவற்றுக்கும் குற்றவாளி அவர்களின் குடல்தான் என்றானது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்த நஞ்சுக் கொள்கை செல்வாக்கிழந்தது. ஆனால் போன குடல்கள் திரும்பி வரவில்லை. அந்தப் பெண்கள் எத்தகைய வீட்டில் வாழ்ந்தார்கள், எப்போது எழுந்தார்கள், எங்கே ஒதுங்கினார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தச் சிகிச்சையில் இடமில்லை.

இன்று கத்தி இல்லை. அறிவுரை இருக்கிறது. தண்ணீர் நிறையக் குடி, கீரை சாப்பிடு, காலையில் நட. எல்லாம் சரியான அறிவுரைதான். மலத்தில் முக்கால் பங்கு நீர். நார்ச்சத்து அந்த நீரைப் பிடித்துவைக்கிறது. ஆனால் தண்ணீர் குடித்தால் போக இடம் வேண்டுமே. என் முதல் வேலையில் பெண் ஆசிரியர்களுக்கான கழிப்பறை பூட்டியே இருக்கும். சாவி அலுவலக அறையில், ஓர் ஆண் ஊழியரின் மேசையில் இருக்கும். பலர் முன்னிலையில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் இரண்டு ஆண்டுகள் கேட்கவே இல்லை. காலை எட்டு மணிக்கு வீட்டில் குடித்த தண்ணீரோடு மாலை ஐந்துவரை ஐம்பெருங்காப்பியம் நடத்தினேன். ஆசனவாயில் வெடிப்பு வந்து உட்கார முடியாமல் போனபோது, மருத்துவர் நார்ச்சத்து பற்றிச் சொன்னார். சாவி பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்படும் எத்தனையோ பெண்களிடம், அது மலத்தை இறுக்கக்கூடும் என்று சொல்லப்படுவதுமில்லை. கறுப்பாகவும் கட்டியாகவும் போவதைக் கண்டு பயந்து மாத்திரையை ரகசியமாக நிறுத்திவிடுகிறார்கள்.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றபடி, கழிப்பறை இல்லாமல், தண்ணீரைக் குறைத்துக்கொண்டு வேலைபார்த்தார்கள். பி. விஜி என்ற தையல்காரர் அவர்களைத் திரட்டினார். 'பெண்கூட்டு' என்ற அந்த அமைப்பு முதலில் கேட்டது கழிப்பறை; பிறகு உட்காரும் உரிமை. 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. பெண்கள் தங்கள் வயிற்றைப் பற்றிப் பலர் முன்னிலையில் வாய்திறந்ததால் வந்த சட்டம் அது.

இங்கே என் சொந்த வரலாற்றில் ஒரு பகுதியை மறைத்தால் இந்தக் கட்டுரையும் இன்னோர் இடக்கரடக்கல் ஆகிவிடும். தாமிரபரணிக் கரை ஊர்களில் எல்லாப் பெண்களும் இருட்டுக்குக் காத்திருக்கவில்லை. வசதியான வீடுகளில், கோஷா கடுமையாக இருந்த வீடுகளில், புழக்கடையில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. அந்தப் பெண்கள் பகலிலும் போக முடிந்தது. அதற்காக, பின்சந்து வழியாக வந்து, சிறு கதவைத் திறந்து, தகரத்தால் அள்ளிக் கூடையில் சுமந்து சென்றவர்கள் அருந்ததியப் பெண்கள். ஒரு பெண்ணின் மானம் காக்கப்பட, இன்னொரு பெண்ணின் தலையில் அந்த மலம் ஏறியது. 1993-இல் அந்தக் கழிப்பறைகளைத் தடைசெய்து சட்டம் வந்தது, 2013-இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. 2017-இல் திவ்யபாரதி தன் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில், சட்டத்துக்குப் பிறகும் மலம் அள்ளும் தமிழ்நாட்டு மனிதர்களை நம் முன்னால் நிறுத்தினார். தலைப்பிலேயே அவர் எதையும் அடக்கவில்லை. பெண் என்ற ஒரே சொல்லால் எல்லாப் பெண்களின் குடல் வரலாற்றையும் எழுதிவிட முடியாது. சாதி அதற்குள் புகுந்து, யார் அடக்க வேண்டும், யார் போகலாம், யார் சுமக்க வேண்டும் என்று பங்கு பிரித்திருக்கிறது.

எங்கள் வீட்டில் கழிப்பறை கட்டியது 1992-இல். நான் பெரியவளாகும் முன் கட்டிவிட வேண்டும் என்று வாப்பா கடன் வாங்கினார். உம்மாவுக்காகவோ உம்மம்மாவுக்காகவோ அதற்கு முன்னால் யாரும் கடன் வாங்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தமிழ்நாட்டில் 45.7 சதவீத வீடுகள் திறந்தவெளியைத்தான் நம்பியிருந்தன. அதன் பிறகு நிறையக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. ஆனால் கட்டடம் வந்ததும் பழக்கம் போய்விடவில்லை. கழிப்பறை வந்த பிறகும் உம்மம்மா பாங்குக்கு முன்புதான் போனார். பகலில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் மருமகன் என்ன நினைப்பார் என்று கூசினார். உம்மாவும் அப்படியே. இருட்டு அவர்களின் உடலுக்குள் குடியேறியிருந்தது.

*

வயிற்றில் திறந்த அந்த வாய்க்குச் சுருக்குத்தசை கிடையாது. அதாவது அதை அடக்க முடியாது. குடல் எப்போது வேலைசெய்கிறதோ அப்போது மலம் வரும், காற்று வரும், சத்தமும் வரும். ஐம்பத்தாறு வயதுவரை அடக்கிய என் உம்மாவுக்கு முதல் சில வாரங்கள் அது நரகமாக இருந்தது. விருந்தாளி வந்தால் வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு உள்ளறைக்கு ஓடுவார். தொழுகைக்கு நிற்கும்போது சத்தம் வந்தால் அழுவார். அடக்க முடியாத நிலையில் உள்ளவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் ஒளு செய்துகொண்டு தொழலாம், தானாக வருவது தொழுகையை முறிக்காது என்று ஆலிமா ஒருவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் அமைதியானார்.

பிறகு மெல்ல மெல்ல ஒரு மாற்றம் வந்தது. மறைக்க முடியாததை மறைப்பதில் அர்த்தமில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். பையைத் தானே மாற்றக் கற்றுக்கொண்டார். சத்தம் வந்தால் "அது அப்படித்தான்" என்றார். வீட்டுக்கு வரும் பெண்களிடம், முன்பு மருமகளைப் பற்றிப் பேசிய அதே குரலில், "ரத்தத்தக் கண்டா மறைக்காதீங்க. வழக்கமாப் போற மாதிரி இல்லாம திடீர்னு மாறுச்சுன்னா, காரணமில்லாம மெலிஞ்சா, டாக்டர்ட்ட போயிருங்க. வீட்டு ஆம்பளைட்ட சொல்ல வெக்கமா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க, எம்மவ கூட்டிட்டுப் போவா" என்றார். ஏழு ஆண்டுகளில் மூன்று பெண்கள் அப்படி அவரிடம் வந்து சொன்னார்கள். மூன்று பேரையும் நான் கூட்டிப்போனேன். இருவருக்கு மூலம். ஒருவருக்குக் குடலில் சிறு தசைவளர்ச்சி. எடுத்துவிட்டார்கள், நன்றாக இருக்கிறார்.

உம்மா 2019-இல் மௌத்தானார். அந்த ஏழு ஆண்டுகள் அவர் சொன்ன சொற்களை நான் எந்த அகராதியிலும் சேர்க்கவில்லை. எல்லாமே நேரான சொற்கள்.

அந்த மாணவிக்கு என் பதில் இது. அடக்குவதற்கு இலக்கணம் உண்டு. அது எழுதப்படவில்லை, அதனாலேயே அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. உடல் அதை உருவாக்கவில்லை. நாளுக்கு மூன்று முறை போவதும் இயல்பு, வாரத்துக்கு மூன்று முறை போவதும் இயல்பு என்கிற அளவுக்கு உடல் தாராளமானது. சாப்பிட்ட பிறகு அழைக்கிறது. அப்போது எழுந்து போக ஒரு கதவும், கொஞ்சம் தண்ணீரும், பத்து நிமிடமும் இருந்தால் போதும். பழகிய இறுக்கத்தைக்கூடப் பயிற்சியால் தளர்த்த முடியும் என்கிறது மருத்துவம். கற்றுக்கொண்டதை மறக்கவும் முடியும்.

இப்போதெல்லாம் தகுதி வழக்கு நடத்தும் நாளில், எடுத்துக்காட்டைச் சொல்லி முடித்ததும் மாணவியரிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கட்டடத்தில் உங்களுக்கான கழிப்பறை எங்கே இருக்கிறது, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, காலையிலிருந்து யார் யார் தண்ணீர் குடித்தீர்கள்? முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்குவார்கள். தண்ணீர் குடிக்காதவர்களின் கைகள்தான் எப்போதும் அதிகம். அந்தக் கைகளை எண்ணி, தேதி போட்டுக் குறித்துவைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தாளை நிர்வாகத்திடம் கொடுக்கிறோம். சென்ற ஆண்டு இரண்டாம் தளத்தில் புதிதாக இரண்டு கழிப்பறைகள் திறந்தார்கள். பூட்டு இல்லை.